ஒலியை மாற்றுமுன் மின்சாரத்தைச் சீராக்குங்கள்: பழைய கேம் பாயில் இசையமைக்க விரும்பும் தம்பிக்கு ஒரு பதில்

பர்மாவின் மோல்மேனிலிருந்து எழுதும் தம்பி கேட்டிருப்பது இது. 1989இல் வெளிவந்த வகையைச் சேர்ந்த சாம்பல் நிறக் கேம் பாய் (நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி) ஒன்று, பழைய சாமான் விற்பவரிடமிருந்து அவருக்குக் கிடைத்திருக்கிறது. அதில் லிட்டில் சவுண்ட் டிஜே என்னும் மென்பொருளை ஓட்டி இசையமைத்து, கோயில் திருவிழாவின் கலைநிகழ்ச்சியில் வாசிக்க விரும்புகிறார். திரையில் நெடுக்குவாட்டில் மூன்று கோடுகள் தெரிவதில்லை. கருவியைச் சற்றுக் குலுக்கினால் அணைந்து மறுபடி எழுகிறது. ஒலிபெருக்கியில் இணைத்தால் பாட்டைவிட இரைச்சல் பெரிதாகக் கேட்கிறது. தூய ஒலிக்காகத் தனி ஜாக் (ஒலி வெளியேறும் துளை) பொருத்துவதா, திரைக்குப் பின்விளக்கு வைப்பதா, எதை முதலில் செய்யலாம் என்பது அவருடைய கேள்வி.

இரண்டையும் இப்போது செய்யாதீர்கள், தம்பி. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் அவசரமானது குலுக்கினால் அணைவதுதான். விளையாட்டுக்காக வைத்திருப்பவருக்கு அது எரிச்சல் மட்டுமே. மறுபடி போட்டு விளையாடிக்கொள்வார். இசையமைப்பவருக்கு அது ஒரு மாத உழைப்பைத் தின்றுவிடக்கூடிய குறை. லிட்டில் சவுண்ட் டிஜேயில் நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் பாட்டு, கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பெட்டிக்குள் இருக்கும் 128 கிலோபைட் நினைவகத்திலேயே நேராக எழுதப்படுகிறது. எழுதும் கணத்தில் மின்சாரம் ஒருமுறை துடித்தால் போதும், அந்த நினைவகத்தில் குப்பை விழுந்துவிடும். ரங்கூனில் ஒரு தீபாவளிக் கலைவிழாவுக்காக நான் ஏழு வாரம் செதுக்கிய பாட்டு, மேடை ஏறுவதற்கு முந்தைய இரவில் இப்படித்தான் போயிற்று. ஸ்விட்ச் கொஞ்சம் தளர்வாக இருப்பது எனக்கு முன்பே தெரியும். நானோ அந்த வாரம் முழுவதும் புதிய ஜாக் பொருத்துவதில் மும்முரமாக இருந்தேன். ஜாக் அழகாக அமைந்தது, அதில் வாசிக்கத்தான் பாட்டு இல்லை.

ஆகையால் செல்லிலிருந்து தொடங்குங்கள். இந்தக் கருவி நான்கு ஏஏ செல்களில், அதாவது 6 வோல்ட்டில் ஓடுவது. செல் அறையின் ஸ்பிரிங்குகளிலும் தகடுகளிலும் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இணையத்தில் எல்லாரும் காடியை (வினிகரை) தடவச் சொல்வார்கள். அது அல்கலைன் செல் கசிந்திருந்தால் சரி, ஏனெனில் அதிலிருந்து கசிவது காரம், காடியின் அமிலம் அதை முறிக்கும். ஆனால் நம் ஊர்ச் சந்தைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல கார்பன்-துத்தநாகச் செல்கள். அவற்றின் கசிவு அமிலத் தன்மை உடையது. அதற்கு ஆப்பசோடாவை நீரில் குழைத்துத் தடவ வேண்டும். எது கசிந்தது என்று தெரியாவிட்டால் ஒரு துளி காடியை விட்டுப் பாருங்கள்: நுரைத்தால் காரத்தின் மிச்சம் என்று கொள்ளலாம், ஒன்றும் நிகழாவிட்டால் சோடாவுக்குப் போங்கள். எதைத் தடவினாலும் பின்னர் ஈரத் துணியால் துடைத்து, கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஈரத்தை விரட்டிவிட வேண்டும். முலாம் உரிந்து துரு ஏறிய ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்துப் பயன்படுத்துவது ஒரு மழைக்காலத்துக்குத்தான் தாங்கும், பிறகு மாற்றியே ஆகவேண்டும்.

அடுத்தது ஸ்விட்ச். கருவியைத் திறக்க மூன்று இதழ் கொண்ட திருகுகளுக்கான சிறப்பு ஸ்க்ரூ டிரைவர் தேவை. பால்பாயிண்ட் பேனாவின் முனையை உருக்கி அழுத்திச் செய்துகொள்ளும் வித்தையையும் சிலர் காட்டுவார்கள், ஆனால் அது திருகின் தலையை வழுக்கிக் கெடுத்துவிடும். மொத்தம் ஆறு திருகுகள். அவற்றில் இரண்டு செல் அறைக்குள் ஒளிந்திருக்கின்றன. திறந்ததும் இரு பாதிகளையும் வேகமாகப் பிரிக்காதீர்கள். முன்பாதியில் திரைப்பலகையும் பின்பாதியில் செயலிப் பலகையும் இருக்க, இரண்டையும் ஒரு தட்டையான கேபிள் இணைக்கிறது. புத்தகத்தைத் திறப்பதுபோல் மெதுவாக விரித்து, அந்தக் கேபிளை அதன் சாக்கெட்டிலிருந்து இரு ஓரங்களையும் மாறிமாறி அசைத்துக் கழற்றுங்கள்.

பலகையின் மேல் விளிம்பில் இருக்கும் சறுக்கு ஸ்விட்சுக்குள் ஓரிரு சொட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலை விட்டு, ஐம்பது முறையாவது முன்னும் பின்னும் தள்ளுங்கள். கறுப்பாக அழுக்கு வழிந்தால் நல்லது. பத்தில் ஆறேழு கருவிகள் இதிலேயே குணமாகிவிடுவது என் அனுபவம். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இதில் அடிக்க வேண்டாம். முதல் நாள் நன்றாக இருக்கும், பிறகு அந்த எண்ணெயிலேயே தூசி ஒட்டி முன்பிருந்ததைவிட மோசமாகும்.

சுத்தமாகிவிட்டதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது, மல்டிமீட்டரால் அறியலாம். பெரும்பாலோர் செல்களைக் கழற்றிவிட்டு ஸ்விட்சின் மின்தடையை அளப்பார்கள். அதில் பயன் குறைவு, ஏனென்றால் மீட்டர் செலுத்தும் சிறு மின்னோட்டத்தில் அழுக்குத் தகடும் நல்ல தகடுபோலவே காட்டலாம். கருவியை ஓடவிட்டு, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, அதன் இரு முனைகளையும் ஸ்விட்சின் உள்ளே போகும் காலிலும் வெளியே வரும் காலிலும் வைத்துப் பாருங்கள். ஒருசில மில்லிவோல்ட் மட்டும் காட்டினால் ஸ்விட்ச் நலம். நூறு, இருநூறு என்று காட்டினாலோ, விரலால் தட்டும்போது எண் துள்ளினாலோ, அந்த அளவு மின்னழுத்தத்தை ஸ்விட்சே விழுங்குகிறது என்று பொருள். அப்போது ஈயத்தை உறிஞ்சியெடுத்து அதைக் கழற்றி, மேல்மூடியின் சிறு மடிப்புகளை நிமிர்த்தித் திறந்து, உள்ளே கறுத்திருக்கும் செப்புத் தகட்டைப் பென்சில் ரப்பரால் பளிச்சென்று ஆகும்வரை தேய்க்க வேண்டும். புதிய ஸ்விட்ச் கிடைத்தால் அதையே போட்டுவிடுவது இன்னும் மேல்.

பலகையோடு சேர்ந்திருக்கும் சிறிய மின்னழுத்தச் சீராக்கிப் பலகையையும் அதே கையோடு பாருங்கள். செல்லின் மின்சாரத்தை 5 வோல்ட்டாக நிலைப்படுத்துவதும், திரைக்கு வேண்டிய எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குவதும் அதன் வேலை. 5 வோல்ட் கோடு குலுக்கும்போதும் அசையாமல் நின்றால், உங்கள் கருவி மேடைக்குத் தகுதியாகிவிட்டது என்பேன்.

கார்ட்ரிட்ஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவியைப் போட்டதும் மேலிருந்து இறங்கி வரும் நிறுவனப் பெயர் கருவிக்குள் இருப்பதன்று; கார்ட்ரிட்ஜிலிருந்து படித்துக் காட்டப்படுவது. அது சிதைந்து இறங்கினாலோ, வெறும் கறுப்புப் பட்டையாக இறங்கினாலோ, குற்றம் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜின் தகட்டு முனைகளில் இருக்கும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு போதும், வாயால் ஊதுவதை விட்டுவிடுங்கள். எச்சில் ஈரமும் உப்பும் நம் மழைக்காலத்தோடு சேர்ந்து தகட்டை அரிக்கும். பாட்டைக் காத்து நிற்கும் 3 வோல்ட் காசுச் செல் உள்ள கார்ட்ரிட்ஜானால், அதை மாற்றும்போது பாட்டெல்லாம் அழிந்துபோகும் என்பதை நினைவில் வைத்து, முதலில் கார்ட்ரிட்ஜ் ரீடரால் கணினியில் படியெடுத்து விடுங்கள். காசுச் செல்லின் மேல் நேராகச் சால்டரிங் வைக்கவே கூடாது; சூட்டில் வெடிக்கக்கூடும். தகடு ஒட்டிய செல் என்றே கேட்டு வாங்குங்கள்.

திரைக் கோடுகளுக்கு வருவோம். இது பயமுறுத்தும் குறையாகத் தோன்றினாலும், நெடுக்குக் கோடுகள் மறைவது இந்த மாதிரிக்கு மிகப் பொதுவான நோய், மருந்தும் எளிது. கண்ணாடித் திரையின் அடிவிளிம்பில் மெல்லிய பட்டைக் கேபிள் ஒன்று சூட்டால் உருகும் பசையினால் ஒட்டப்பட்டிருக்கிறது. முப்பது ஆண்டு வெயிலும் ஈரமும் கண்ட பசை ஆங்காங்கே விட்டுப்போக, விட்ட இடத்துக்கு நேரான கோடு மறைகிறது. மறுபடி சூடாக்கி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பட்டையின்மேல் பதிந்திருக்கும் ரப்பர்த் துண்டை மெல்ல நெம்பி விலக்குங்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கட்டும், அப்போதுதான் கோடு திரும்புவது கண்ணுக்குத் தெரியும். குறைந்த சூட்டில் வைத்த சால்டரிங் முனையைப் படுக்கையாகப் பிடித்து, கோடு மறைந்த இடத்துக்கு நேர்கீழே, பட்டை கண்ணாடியைத் தொடும் ஓரத்தில், நெற்றியில் திருநீறு பூசுகிற வேகத்தில் ஒருமுறை இழுத்து எடுத்துவிடுங்கள். நிறுத்தி அழுத்தினால் பட்டை கருகிவிடும். கருகினால் அதன்பின் மருந்து இல்லை. பென்சில் ரப்பரால் அந்த இடத்தை இளஞ்சூட்டோடு அழுத்துங்கள். முதல் இழுப்பில் புதிய கோடுகள்கூட மறையலாம், கலங்க வேண்டாம். இரண்டு மூன்று முறை போனால் எல்லாம் திரும்பும். கிடைக்கோடுகள் மறைந்திருந்தால் மட்டும் என்னைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்: அவற்றின் பட்டை திரையின் பக்கவாட்டில் இருக்கிறது, அது மிக நொய்மையானது, அதில் கைவைத்து நான் ஒரு திரையை இழந்திருக்கிறேன்.

இனி இரைச்சல். நீங்கள் தனி ஜாக்தான் தீர்வு என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று இன்னும் கேட்கவில்லை. காதுக்குக் கிட்டே வைத்துக் கேட்டால் அதில் இரண்டு மூன்று குரல்கள் இருப்பது தெரியும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாப்டர் வழியாகவோ ஒலிபெருக்கியின் மண்ணிணைப்பு வழியாகவோ வரும் முரல் 50இலும் அதன் மடங்கான 100இலும் இருக்கும். கேம் பாயின் திரை நொடிக்கு ஏறத்தாழ 59.7 முறை புதுப்பிக்கப்படுவதால், கருவியே உண்டாக்கும் முரல் அந்த எண்ணிலும் அதன் மடங்குகளிலும் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு, சங்கீதம் கற்றவர்க்கு ஒரு நொடியில் விளங்கும்: மின்சார முரலை ஷட்ஜமாக வைத்தால், திரையின் முரல் ஏறத்தாழச் சாதாரண காந்தாரத்தில் நிற்கும். இதைத் தவிர, திரை தன் வரிகளை நொடிக்கு ஏறத்தாழ 9,200 தடவை எழுதுவதால் கொசு பாடுவதுபோன்ற மெல்லிய கீச்சும் உண்டு.

பரிசோதனை எளிது. அடாப்டரைக் கழற்றிவிட்டுச் செல்லில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஷட்ஜம் மறைந்தால் குற்றம் கருவியில் இல்லை. பேட்டரி இன்வெர்ட்டரிலோ ஜெனரேட்டரிலோ ஒலிபெருக்கி ஓடும்போது அது தரும் கரகரப்பும் இதே வழியில் பிரிந்து தெரியும். மின்வெட்டுக்குப் பழகிய நாம் இதை அடிக்கடி கேட்டிருக்கிறோம். மேடையில் எப்போதும் செல்லிலேயே வாசிப்பது என் வழக்கம். கருவிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே முரலைக் கொண்டுவரும் மண்ணிணைப்பு வளையமே உண்டாகாது, நடுப்பாட்டில் மின்சாரம் போனாலும் கருவி அணையாது. அடாப்டர் வேண்டுமென்றே நின்றால், 6 வோல்ட் என்பதோடு நடுமுனை எதிர்மின் என்பதையும் பாருங்கள். இன்று கடையில் கிடைப்பவற்றில் பல நடுமுனை நேர்மின் உடையவை. மாற்றிச் செருகுவது ஆபத்து.

திருவிழா ஒலிபெருக்கியோடு இணைப்பதில் வேறொரு பழுதும் ஒளிந்திருக்கலாம். நம் ஊர் ஒலி-ஒளிக்காரர்களின் ஆம்ப்ளிஃபயர்கள் பல ஒற்றைத் தடம் கொண்டவை. கேம் பாயின் ஹெட்போன் துளையோ இரட்டைத் தடம். ஒற்றைத் தடப் பிளக்கை அதில் செருகினால் வலது தடம் மண்ணிணைப்போடு ஒட்டிக்கொள்கிறது. விளைவு, வலப்பக்கம் அனுப்பிய ஒலியெல்லாம் மாயமாகும், ஆம்ப்ளிஃபயர் சிப்பும் வீணாகச் சுடும். இரட்டைத் தடப் பிளக்கையே செருகி, இடம் வலம் இரண்டிலும் ஆளுக்கொரு 1 கிலோஓம் மின்தடையைத் தொடுத்து, அவற்றின் மறுமுனைகளை ஒன்றாக்கி ஒற்றைத் தடத்துக்குக் கொண்டுபோங்கள். மைக் துளையில் செருகவே வேண்டாம். ஹெட்போனுக்காகப் பெருக்கப்பட்ட ஒலியை மைக்கின் நுண்ணிய வாயில் ஊற்றினால் பிளிறத்தான் செய்யும். டேப் ரெக்கார்டருக்கோ சிடி பிளேயருக்கோ வைத்திருக்கும் துளையைக் கேளுங்கள். நீங்கள் எழுதியதைப் படித்தபோது, உங்கள் இரைச்சலில் பாதி இந்த மைக் துளையின் வேலையோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.

இவ்வளவும் செய்த பிறகு காந்தாரமும் கொசுவும் மட்டும் எஞ்சி நின்றால், அப்போது தனி ஜாக்கைப் பற்றிப் பேசலாம். அது செய்வது என்ன? ஒலி, செயலி சிப்பிலிருந்து கிளம்பி, வால்யூம் சக்கரத்தின் வழியாகப் போய், ஒரு சிறு ஆம்ப்ளிஃபயர் சிப்பில் பெருகி, பிறகுதான் ஹெட்போன் துளைக்கு வருகிறது. வழியிலேயே திரையின் முரலும் சேர்ந்து பெருகிவிடுகிறது. வால்யூம் சக்கரத்தின் கால்களிலிருந்தே இடம், வலம், மண் என மூன்று கம்பிகளை எடுத்துப் புதிய ஜாக்குக்குக் கொண்டுபோனால், அந்த ஆம்ப்ளிஃபயரைத் தாண்டிவிடுகிறோம். ஒலி சற்றுச் சன்னமாக வரும், அதை மிக்ஸர் பெருக்கிக்கொள்ளும். அடித்தள ஒலி (பேஸ்) இன்னும் முழுமையாக வரும், முரல் பெரும்பகுதி விலகும். சக்கரத்துக்கு முன்பாக எடுத்தால் வால்யூம் சக்கரம் அந்த ஜாக்கைக் கட்டுப்படுத்தாது என்பதை மறவாதீர்கள். வாசிக்கும்போது சக்கரத்தை உருட்டி ஒலியைத் தணிக்கும் பழக்கம் இருப்பவர்கள் இதனால் ஏமாந்திருக்கிறார்கள்.

அடித்தளம் மெலிவதற்கு ஆம்ப்ளிஃபயர் மட்டும் காரணமன்று. ஒலி வெளியேறும் வழியில் நிற்கும் கபாசிட்டர், தாழ்ந்த அலைகளைத் தடுக்கும் வாயிற்காவலன். 100 மைக்ரோஃபாரட் கபாசிட்டரின் பின்னால் 32 ஓம் ஹெட்போன் இருந்தால், ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். அதே கபாசிட்டரின் பின்னால் 10 கிலோஓம் கொண்ட மிக்ஸர் துளை இருந்தால் காதுக்கு எட்டும் எதுவும் சரியாது. எனவே ஹெட்போனில் மெலிந்து கேட்கும் பாட்டு மிக்ஸரில் மெலிந்திருக்க வேண்டியதில்லை; எதன் வழியாகக் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டுதான் கபாசிட்டரை மாற்ற வேண்டும். மூப்பினால் வற்றிப்போன கபாசிட்டர்களை மாற்றுவது வேறு செய்தி, அது எப்போதும் நல்லது.

இத்தனை பாடுபட்டு எதற்கு இந்த ஒலி என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். நான்கு குரல்கள்தான்: இரண்டு சதுர அலைகள், 32 புள்ளிகளில் நாமே வரையக்கூடிய ஓர் அலை, ஓர் இரைச்சல். ஜெர்மனியின் ஒலிவர் விட்சோவ் 1998இல் நானோலூப் என்னும் இசை மென்பொருளையும், சுவீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி 2000இல் லிட்டில் சவுண்ட் டிஜேயையும் எழுதியபோது, இந்த நான்கையும் ஒரு கச்சேரிக் குழுவாக்கித் தந்தார்கள். நம் காதுக்கு அதில் தனிச் சுவை உண்டு. இரைச்சல் குரலைச் சட்டென்று வெட்டி ஒலித்தால் தவிலின் வலந்தலைபோல் தெறிக்கும். வரைந்த அலையை மேலிருந்து கீழே வேகமாகச் சறுக்கவிட்டால் தொப்பிப் பக்கத்துக் குச்சியடி கிடைக்கும். நாதஸ்வரக் கமகத்தைத்தான் கவனமாகக் கையாள வேண்டும். சதுர அலையின் சுருதி, 131,072 என்னும் எண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்துக் கிடைப்பது. 256 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 512ஆல் வகுக்கிறது. அடுத்த படி 511, அதாவது 256.5 ஹெர்ட்ஸ். அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் இது மூன்றரைப் பங்குகூட இல்லை. கமகம் வழுக்கிக்கொண்டு போகும். அதையே மூன்று ஸ்தாயி மேலே, 2,048 ஹெர்ட்ஸில் செய்து பாருங்கள். அங்கே வகுக்கும் எண் 64, அடுத்தது 63. ஒரே படியில் 27 பங்கு தாவுகிறது. சறுக்கலாக வர வேண்டியது மாடிப்படி ஏறுவதுபோல் தட்டுத்தட்டாகக் கேட்கும். ஆகவே கமகங்களை மத்திம ஸ்தாயியிலேயே வைத்துக்கொண்டு, உச்சத்தில் நேரான சுரங்களை மட்டும் வைப்பது என் வழக்கம். எந்தச் சால்டரிங்கும் திருத்த முடியாத எல்லை இது. சிப்பின் கணக்கு அப்படி.

பின்விளக்கை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். திரையின் பின்னால் ஒட்டியிருக்கும் வெள்ளிநிறத் தாளை உரித்தெடுத்து, விளக்குத் தகட்டையும் ஒளியை வடிகட்டும் புதிய போலரைசர் தாளையும் செருகுவதுதான் வேலை என்றாலும், உரிக்கும்போது கண்ணாடியின் மூலை நொறுங்குவது சர்வசாதாரணம். இப்போதுதான் ஒட்டிய கோடுகளும் அந்த அசைவில் மறுபடி விட்டுப்போகும். முழுத் திரையையும் மாற்றிப் புதிய வண்ணத் திரை வைக்கும் கிட்டுகள் செல்லை வேகமாகக் குடிப்பதோடு, சில சமயம் ஒலியில் புதிய முரலையும் சேர்க்கின்றன, இசைக்காரருக்கு அது தலைகீழ்ப் பேரம். மேடை இருட்டாக இருந்தால் புத்தகத்தில் செருகும் சிறு எல்இடி விளக்கு ஒன்று போதும்.

கீபோர்டை இணைப்பது, கருவியின் வேகத்தை நிர்ணயிக்கும் படிகத்தை மாற்றிச் சுருதியை உருட்டுவது போன்றவை பின்னால் வரலாம். இரண்டு கேம் பாய்களைக் கேபிளால் கோத்து ஒரே தாளத்தில் ஓட்டுவது மட்டும் எளிது, சால்டரிங்கே வேண்டாம். நண்பர் ஒருவர் கிடைத்தால் அதை முதலில் முயன்று பாருங்கள். புதிதாக இன்னொரு கருவி வாங்கப் போனால், நூற்றுக்கணக்கான விளையாட்டுகளைத் தன்னுள் அடக்கியதாக விற்கும் மலிவுக் கருவிகளைத் தொடாதீர்கள். கார்ட்ரிட்ஜ் துளையே இல்லாத அவற்றில் இருப்பது வேறு சிப், வேறு குரல். இரண்டு ஏஏஏ செல்லில் ஓடும் 1996ஆம் ஆண்டுப் பாக்கெட் மாதிரியும், 1998ஆம் ஆண்டு வண்ண மாதிரியும் லிட்டில் சவுண்ட் டிஜேயை நன்றாக ஓட்டும்; ஆயினும் கனத்த அடித்தளத்துக்கு உங்கள் சாம்பல் நிறத்தையே பலரும் விரும்புகிறார்கள், நானும் அந்தக் கட்சி.

கடைசியாக நம் வானிலை. ரங்கூனிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை. மோல்மேனில் அதைவிட மிகுதி. வைகாசியிலிருந்து ஐப்பசிவரை கருவியை மேசையில் வெறுமனே வைத்தால், சுத்தம் செய்த தகடுகள் மறுபடி மங்கும். ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத டப்பாவில், செல்களைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசியில் புதைத்து வைக்கும் பழக்கம் வேண்டாம். அதன் மாவு வால்யூம் சக்கரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு சக்கரத்தை உருட்டும்போதெல்லாம் கரகரக்கும்.

இந்த வாரம் ஸ்விட்சைச் சுத்தம் செய்துவிட்டு மூன்று அளவுகளை எடுத்து எழுதுங்கள், தம்பி: ஓடும்போது செல்களின் மொத்த வோல்ட், ஸ்விட்சின் குறுக்கே மில்லிவோல்ட், சீராக்கியிலிருந்து வரும் 5 வோல்ட் கோடு. ஆம்ப்ளிஃபயரின் எந்தத் துளையில் செருகினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஜாக்குக்கு எங்கே துளையிடுவது, எந்தக் காலில் எந்தக் கம்பி என்பதைப் பலகையின் தெளிவான படத்தைப் பார்த்த பிறகு சொல்கிறேன். அதுவரை டிரில்லை எடுக்க வேண்டாம்.